துண்டு இருக்கிறதா என்று கேட்கட்டும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில், மருத்துவத் துறையில் பணியாற்றும் பழைய மாணவிகள் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவில் பழைய நாட்களைப் பற்றிப் பேசுவதே வழமை. அதைச் செய்ய எங்களை விட மூத்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். விழாக் குழுவினர் எங்களிடம் கேட்டது வேறு. "வந்தவர்கள் வீட்டுக்குப் போய்ச் செய்யக்கூடிய ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள்" என்றார்கள். ஆகவே மிகச் சிறிய ஒரு விஷயத்தைத் தெரிவு செய்தோம். மருந்து வாங்கப் போகும் இடத்தில் நமக்கு ஏற்படும் சின்னச் சின்னச் சிரமங்களை நாம் எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே அது.

என்ன சிரமம் என்று கேட்பீர்கள். சீனி வருத்தத்தால் கால் எரிகிறது என்று ஒரு தாய் கிளினிக்கில் மருந்து எடுக்கிறார். மாதம் முடியுமுன்பே மருந்து முடிந்துவிடுகிறது. வெறும் மருந்து அட்டையைப் பேரனின் கையில் கொடுத்து, "இதே மருந்து வாங்கி வா மகன்" என்று கடைக்கு அனுப்புகிறார். கடையில், "டொக்டரின் துண்டு இல்லாமல் தர ஏலாது" என்று திருப்பி அனுப்புகிறார்கள். இன்னொருவர் இருமலுக்குப் பாணி மருந்து கேட்கிறார். யாருக்கு, என்ன வயது, எத்தனை நாளாக இருமல், வேறு மருந்து எடுக்கிறாரா என்று நாலு கேள்வி வருகிறது. மற்றொருவர் நித்திரைக் குளிசை முப்பது கேட்கிறார். துண்டில் பத்துத்தான் எழுதியிருக்கிறது, பத்துத்தான் கிடைக்கிறது.

இப்படித் திரும்பி வருபவர்கள் எங்களிடம் வந்து முறையிடுவார்கள். அவர்கள் சொல்வதில் பஸ் காசும் வெயிலும் ஒரு பங்கு. பெரும்பங்கு மனக்குறை. "எங்களைப் பார்த்தால் தூள்காரர் மாதிரியா இருக்கிறது?" என்று கேட்பார்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல், சட்டம் அப்படித்தான் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது நியாயமாகாது. ஆகவே அந்தப் பதிலைத்தான் இன்று சொல்ல விரும்புகிறோம்.

முதலில் ஒன்று. இந்த விதி நேற்று வந்ததல்ல. நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் பற்றிய கட்டளைச் சட்டம் இந்த நாட்டில் 1929ஆம் ஆண்டில் 17ஆம் இலக்கமாக வந்தது. ஏறத்தாழ நமது சங்கத்தின் வயது. இன்று மருந்துகளைப் பதிவு செய்வதும் மருந்தகங்களுக்கு அனுமதிப்பத்திரம் கொடுப்பதும் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபையின் பொறுப்பு. பரசிட்டமோல் போன்றவற்றைத் துண்டில்லாமல் வாங்கலாம். வேறு சிலவற்றைத் துண்டு இல்லாமல் விற்கக் கூடாது. இன்னும் சிலவற்றுக்குக் கட்டுப்பாடு அதைவிடக் கடுமை. விதி பழையது. அது இப்போது நமக்கு ஏன் அவசரமாகிவிட்டது என்பதுதான் விஷயம்.

பிரெகபலின் என்ற பெயரை இந்தக் கரையோரத்தில் கேள்விப்படாதவர் இன்று குறைவு. செய்தித்தாளில் அதைப் "போதைக் குளிசை" என்று எழுதுகிறார்கள். ஆனால் அது போதைக்காகச் செய்யப்பட்ட பொருள் அல்ல. 2004ஆம் ஆண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்ற ஒரு நல்ல மருந்து. சீனி வருத்தத்தால் நரம்பு கெட்டுக் கால் எரிபவர்களுக்கும், அக்கி வந்து மாறிய பின்னும் வலி போகாதவர்களுக்கும், சில வகை வலிப்பு நோயாளிகளுக்கும் நாங்கள் அதைக் கொடுக்கிறோம். இந்த மண்டபத்தில் இருக்கும் சிலரின் கைப்பையிலும் அது இருக்கலாம். வைத்தியர் சொன்ன அளவில் எடுப்பவர் அதைக் கண்டு பயப்படத் தேவையில்லை. இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு யாரும் நாளைக்கே அதை நிறுத்திவிடவும் வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் நித்திரையின்மை, பதற்றம், வியர்வை, சிலருக்கு வலிப்புக்கூட வரலாம். நிறுத்துவதானால் வைத்தியரிடம் கேட்டு மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும்.

அதே மருந்தை வருத்தம் எதுவும் இல்லாத ஒரு இளம் பிள்ளை அளவுக்கு மிஞ்சி எடுத்தால் கதை வேறு. மயக்கம் போல ஒரு மிதப்பு வருகிறது. சில வாரங்களில் அதே அளவு போதாமல் போகிறது. அதோடு ஹெரோயின், ட்ரமடோல், மதுபானம் என்று ஏதாவது சேர்ந்தால் மூச்சு மெதுவாகி நின்றுவிடும் ஆபத்து உண்டு. தூங்குகிறான் என்று வீட்டார் நினைத்துக் கதவைச் சாத்திவிட்டுப் போவார்கள். எழும்புவதில்லை. பிரித்தானியா 2019 ஏப்ரலில் இதைக் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளின் வரிசையில் சேர்த்தது இப்படியான மரணங்களைக் கண்ட பிறகுதான். இலண்டனில் இருக்கும் நமது சகோதரிகளுக்குத் தெரியும், அங்கே இதற்கான துண்டு 28 நாட்களுக்குத்தான் செல்லுபடியாகும். ஒரு தடவையில் 30 நாளைக்கு மேல் எழுத வேண்டாம் என்பது அங்குள்ள வைத்தியர்களுக்கான அறிவுறுத்தல்.

இனி நமது ஊருக்கு வருவோம். பாலாவிச் சந்தியில் கொழும்பு வீதியிலிருந்து பிரிகிற பாதை உப்பளங்களைத் தாண்டி நுரைச்சோலை வழியாகக் கற்பிட்டிக்குப் போகிறது. ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல். அந்தக் கடலுக்கு அப்பால் இந்தியா. மீன்பிடியும் தோட்டமும் செய்து கௌரவமாக வாழும் ஆயிரமாயிரம் குடும்பங்கள் இந்தப் பாதை நெடுகிலும் இருக்கின்றன. அவர்களுக்கு நடுவே, பீடி இலையும் மஞ்சளும் வந்த அதே வழியில், இந்தச் சில ஆண்டுகளாகப் பிரெகபலினும் வருகிறது. கற்பிட்டிப் பக்கத்தில் கடற்படையினர் ஒரே தடவையில் ஆயிரக்கணக்கான, சில வேளை பல்லாயிரக்கணக்கான கப்சூல்களைப் பிடித்ததாகத் திரும்பத் திரும்பச் செய்தி வருவதைப் பார்க்கிறோம்.

இந்த இடத்தில்தான் நியாயமான ஒரு கேள்வி எழுகிறது. "படகில் மூட்டை மூட்டையாக வருகிறது. அதை விட்டுவிட்டுக் கால் எரியும் கிழவியிடம் துண்டு கேட்டு என்ன பயன்?"

இதற்கு எங்கள் பதில் இதுதான். படகு ஒரு வாசல், மருந்துக் கடை இன்னொரு வாசல், நமது வீட்டு அலுமாரி மூன்றாவது வாசல். முதலாவது வாசலைக் காப்பது கடற்படையினதும் பொலிஸாரினதும் வேலை. அதில் நாம் செய்யக்கூடியது கொஞ்சம். மற்ற இரண்டும் நமது கையில் இருக்கின்றன. முதலாவது வாசல் சரியாக மூடவில்லை என்பதற்காக மற்ற இரண்டையும் நாமே திறந்து வைப்பது எந்த ஊர் நியாயம்?

மேலும் ஒன்றை யோசித்துப் பாருங்கள். துண்டு கேட்காமல் விற்பது ஓர் ஊரில் வழக்கமாகிவிட்டால், அந்த ஊரில் எந்தக் கப்சூல் கடைக்கு ஒழுங்காக வந்தது, எது கடலால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. விற்ற ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு துண்டு காட்ட வேண்டும் என்ற நிலை இருக்கும் இடத்தில் கள்ளச் சரக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை. நாம் காட்டும் துண்டு நமக்கு மட்டும் உரிய அனுமதியல்ல, நேர்மையாகக் கடை நடத்துபவருக்கு அது சாட்சியும் ஆகும்.

மூன்றாவது வாசலைப் பற்றிப் பேச நமக்குப் பிரியமில்லை. ஆனால் பேசத்தான் வேண்டும். அமெரிக்காவில் ஆண்டுதோறும் எடுக்கப்படும் தேசிய ஆய்வில், வலி மருந்துகளைத் தவறாகப் பாவித்தவர்களிடம் அது எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டார்கள். பாதிக்கும் மேற்பட்டோர் சொன்ன பதில், நண்பரிடமிருந்து அல்லது உறவினரிடமிருந்து என்பதுதான். தெருவில் நிற்கும் அந்நியரிடமிருந்து என்று சொன்னவர்கள் சிறு பங்கினர். நமது நாட்டுக்கு இந்த விகிதம் அப்படியே பொருந்தும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் அலுமாரி எங்கும் அலுமாரிதான். 2022ஆம் ஆண்டு மருந்துத் தட்டுப்பாட்டில் கடை கடையாக அலைந்த பிறகு, கிடைக்கும்போது கூடுதலாக வாங்கி வைக்கும் பழக்கம் பல வீடுகளில் வந்துவிட்டது. அது இயல்பு. யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது, அதில் எத்தனை இருக்கிறது என்று நமக்குத் தெரியுமா?

சரி, இப்படிச் சின்னச் சின்னத் தடைகளால் உண்மையில் ஏதும் நடக்குமா? நடக்கும் என்பதற்கு இரண்டு உதாரணங்கள் சொல்கிறோம். இரண்டும் போதைப்பொருள் பற்றியவை அல்ல. தங்களையே மாய்த்துக்கொள்ள நினைத்தவர்களைப் பற்றியவை. ஆனால் ஒரு கண நேரத் தூண்டுதலுக்கும் கைக்கெட்டும் தூரத்துக்கும் உள்ள தொடர்பை இவற்றை விடத் தெளிவாகக் காட்டுபவை இல்லை.

1998 செப்டெம்பரில் பிரித்தானியாவில் ஒரு சிறிய விதி வந்தது. சாதாரணக் கடைகளில் ஒரு பெட்டியில் 16 பரசிட்டமோல் குளிசைதான் விற்கலாம், மருந்தகங்களில் 32 வரை. அவ்வளவுதான். தலைவலிக்காரர் இன்னொரு முறை கடைக்குப் போக வேண்டியதாயிற்று. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 11 ஆண்டுகளின் கணக்கைப் பார்த்து 2013இல் வெளியிட்டார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பரசிட்டமோலால் நேர்ந்த மரணங்கள் எதிர்பார்க்கப்பட்டதை விட 43 சதவீதம் குறைந்திருந்தன. ஏறத்தாழ 765 உயிர்கள். இன்னொரு கடைக்கு நடந்து போக வேண்டிய அந்தச் சில நிமிடங்களில் மனம் மாறிய 765 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது உதாரணம் நமது சொந்த நாடு. 1995இல் இலங்கையில் தற்கொலை வீதம் ஒரு இலட்சம் பேருக்கு 47 என்ற அளவில் இருந்தது. உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று. பெரும்பாலானவை தோட்டத்துக்கு அடிக்கும் கிருமிநாசினியைக் குடித்ததால் நேர்ந்தவை. 1995இல் மிகக் கொடிய கிருமிநாசினிகளும் 1998இல் எண்டோசல்பானும் தடை செய்யப்பட்டன. வேறு மருந்து தேடுவது விவசாயிகளுக்குச் சிரமமாகத்தான் இருந்தது. விளைச்சல் விழவில்லை. 2005ஆம் ஆண்டளவில் அந்த வீதம் பாதியாகிவிட்டது. கடுங்கோபத்தில் போத்தலை எடுத்த பிள்ளையின் கையில் குறைந்த நஞ்சு இருந்ததால், அந்தப் பிள்ளை பிழைத்து, இன்று பிள்ளை குட்டியோடு வாழ்கிறது. வெங்காயமும் மிளகாயும் செய்கிற கற்பிட்டித் தோட்டக்காரரும் இதில் தமது பங்கைச் செலுத்தியிருக்கிறார்கள், தெரியாமலேயே.

போதைப்பொருளுக்கு நேரடியான உதாரணமும் உண்டு. தடிமனுக்குக் கொடுக்கும் சூடோஎபெட்ரின் என்ற மருந்திலிருந்து "ஐஸ்" தயாரிப்பது அமெரிக்காவில் வீட்டுக் குசினிகளிலேயே நடந்தது. வெடித்தும் எரிந்தும் அந்த வீட்டுப் பிள்ளைகளே பாதிக்கப்பட்டார்கள். 2006 மார்ச்சில் கையொப்பமான சட்டத்தின்படி அந்த மருந்து கடையின் வெளித்தட்டிலிருந்து உள்ளே போனது. வாங்குபவர் அடையாள அட்டை காட்டிக் கையொப்பமிட வேண்டும். ஒரு நாளைக்கு 3.6 கிராமுக்கு மேல் வாங்க முடியாது. அதன் பிறகு இரண்டு, மூன்று ஆண்டுகளில் குசினிக் கூடங்கள் வெகுவாகக் குறைந்தன. ஆனால் உண்மையை முழுவதும் சொல்ல வேண்டும். ஐஸ் ஒழிந்துவிடவில்லை. பின்னர் எல்லைக்கு அப்பாலிருந்து பெருமளவில் வந்தது. கடையில் வைக்கும் தடை எல்லாவற்றையும் நிறுத்தாது. தான் நிற்கும் வாசலை மட்டும் காக்கும். வாசல் காப்பவரிடம் அதற்கு மேல் எதிர்பார்க்கவும் கூடாது.

இனி, ஆரம்பத்தில் சொன்ன மனக்குறைக்கு வருவோம். "எங்களைச் சந்தேகிக்கிறார்களா?"

நமது பாடசாலை வாசலை நினைத்துப் பாருங்கள். காலையில் மாணவத் தலைவிகள் வரிசையாக நிற்பார்கள். நகம் வெட்டியிருக்கிறதா, தலை ஒழுங்காகப் பின்னியிருக்கிறதா, சப்பாத்து வெள்ளையாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பணக்கார வீட்டுப் பிள்ளையானாலும், ஆசிரியையின் மகளானாலும், உப்பளத்தில் வேலை செய்பவரின் மகளானாலும் கை நீட்டிக் காட்டித்தான் உள்ளே போனோம். அதை நம்மில் யாராவது அவமானம் என்று நினைத்தோமா? இல்லை. எல்லோரும் காட்டினோம், அதனால் அது ஒருவரையும் சுடவில்லை. ஒரு பிள்ளையை மட்டும் கூப்பிட்டு, "நீ மட்டும் காட்டு" என்று சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை வாழ்நாளெல்லாம் அதை மறந்திருக்காது.

மருந்துக் கடையிலும் இதே கணக்குத்தான். டீச்சருக்குத் துண்டு வேண்டாம், டொக்டரின் தங்கைக்கு வேண்டாம், சந்தியில் கடை வைத்திருக்கும் முதலாளிக்கு வேண்டாம், ஆனால் சாரம் உடுத்துக்கொண்டு களப்பிலிருந்து வந்த இளைஞனிடம் மட்டும் கேட்போம் என்றால், அதற்குப் பெயர் விதி அல்ல, அது சந்தேகம். அந்த இளைஞனின் தாயும் சீனி வருத்தக்காரியாக இருக்கலாம். எல்லோரிடமும் கேட்டால் மட்டுமே அது ஒருவருக்கும் அவமானமாகாது. ஆகவே துண்டு கேட்கும்போது கோபப்படாமல் இருப்பது மட்டும் போதாது. நம்மிடமும் கேட்க வேண்டும் என்று நாமே எதிர்பார்க்க வேண்டும். கேட்காவிட்டால், "தம்பி, துண்டு பார்க்கவில்லையே" என்று எடுத்து நீட்ட வேண்டும்.

இதை இந்தச் சபையில் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நம்மில் பலர் ஆசிரியைகள், அதிபர்கள், அரச உத்தியோகத்தர்கள். நாங்கள் சிலர் வைத்தியர்கள். ஊரில் நமது முகத்துக்கு மதிப்பிருக்கிறது. கடைக்குள் நிற்கும் மருந்தாளர் பல இடங்களில் நாம் படிப்பித்த பிள்ளை. "என்ன மகன், என்னிடமுமா கேட்கிறாய்?" என்று நாம் சிரித்துக்கொண்டே சொன்னாலும், அந்தப் பிள்ளையால் இல்லை என்று சொல்ல முடியாது. நமக்கு ஒரு அட்டை கிடைத்துவிடும். ஆனால் அடுத்த நாள் இரண்டு முரடர்கள் வந்து மேசையில் தட்டி, "நேற்று டீச்சருக்குக் கொடுத்தாய்தானே" என்று கேட்டால், அந்தப் பிள்ளை எதைச் சொல்லித் தப்பும்? "யார் வந்தாலும் துண்டில்லாமல் கொடுப்பதில்லை" என்ற ஒரு சொல்தான் அவனுக்கு வேலி. அந்த வேலியைப் பிடுங்குவது பெரும்பாலும் கெட்டவர்கள் அல்லர், மதிப்புள்ளவர்களே.

இவ்வளவும் சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நாங்கள் வைத்தியர்கள் என்று சொல்லிக்கொள்ளத் தகுதியற்றவர்கள். சிரமம் சிறிதாக இருக்க வேண்டும். அளவு மீறினால் அதுவும் கொடுமையாகிவிடும். இந்தியாவில் 1985இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. ஒரு வைத்தியசாலை மோர்பின் வைத்திருக்கப் பல திணைக்களங்களிடம் பல அனுமதிப்பத்திரங்கள் எடுக்க வேண்டியிருந்தது. தொல்லை எதற்கு என்று வைத்தியசாலைகள் மோர்பினையே கைவிட்டன. அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அந்தப் பெரிய நாட்டில் மருத்துவத்துக்கான மோர்பின் பாவனை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போனது. புற்றுநோயாளிகள் வலியில் துடித்துத் துடித்து இறந்தார்கள். கேரளத்தின் வைத்தியர் எம். ஆர். ராஜகோபாலும் அவரைப் போன்றவர்களும் பல்லாண்டு போராடிய பிறகே 2014இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. போதையைத் தடுக்கப் போய் வலிக்கு மருந்தில்லாமல் செய்த பாடம் அது.

ஆகவே சிரமம் யாருக்குச் சிறியது என்றும் பார்க்க வேண்டும். சந்தியில் வீடிருப்பவருக்கு இரண்டாம் தடவை கடைக்குப் போவது ஐந்து நிமிடம். மாம்புரியிலிருந்தோ கற்பிட்டியிலிருந்தோ பஸ் ஏறிப் புத்தளத்துக்கு வரும் ஒரு தாய்க்கு அது அரை நாள், ஒரு நாள் கூலி. அவருடைய சிரமத்தைக் குறைப்பது எங்கள் கடமை. நாங்கள், வைத்தியர்கள், வாசிக்கக்கூடியதாக எழுத வேண்டும். எத்தனை குளிசை, எத்தனை நாளைக்கு என்று தெளிவாக எழுத வேண்டும். திகதியும் கையொப்பமும் பதிவு இலக்கமும் விடக் கூடாது. அடுத்த கிளினிக் வரைக்கும் போதுமான மருந்தை ஒரே தடவையில் கணக்குப் பார்த்து எழுத வேண்டும். துண்டை நிரப்ப எங்களுக்கு ஒரு நிமிடம் கூடுதலாகும். அது எங்கள் பங்குச் சிரமம். மருந்தாளர் முகம் சுளிக்காமல், ஏன் தர முடியாது, இனி எங்கே போக வேண்டும் என்று இரண்டு வசனம் விளக்க வேண்டும். அது அவர் பங்கு. வாங்குபவரின் பங்கு மூன்றாவது. மூன்று பேரும் பகிர்ந்தால்தான் அது சிறு சிரமமாக இருக்கும்.

நம் பங்குக்குச் செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

கிளினிக் கொப்பியையும் துண்டையும் மருந்து வாங்கப் போகும்போது கையோடு கொண்டு போங்கள். மருந்து முடிய ஐந்தாறு நாட்கள் இருக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். அவசரத்தில்தான் நாம் ஒழுங்கை மீறுகிறோம்.

நரம்பு மருந்து, நித்திரை மருந்து, கடுமையான வலி மருந்து ஆகியவற்றை வாங்கப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். இன்று பாட்டிக்காக வாங்கப் போகும் பிள்ளைக்கு, நாளைக்கு அந்த அட்டையின் பெயரைச் சொல்லி வேறு யாரோ காசு கொடுத்து அனுப்புவார்கள்.

ஒருவருக்கு எழுதிய மருந்தை இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள். "எனக்கு நல்ல சுகம் தந்தது, நீங்களும் போட்டுப் பாருங்கள் மாமி" என்பது அன்பினால் சொல்வது. ஆனால் மாமியின் சிறுநீரகம் எப்படியிருக்கிறது என்று நமக்குத் தெரியாது. பிரெகபலின் சிறுநீரகத்தால் வெளியேறும் மருந்து. சிறுநீரகம் பழுதானவருக்கு அளவு குறைக்க வேண்டும்.

இத்தகைய மருந்துகளைப் பூட்டி வையுங்கள். கிழமைக்கு ஒருமுறை எண்ணிப் பாருங்கள். நகையை எண்ணுகிறோம், இதையும் எண்ணலாம். வீட்டில் ஒருவர் காலமானால் அவருடைய மருந்துகளை நினைவுப் பொருளாக வைத்திருக்க வேண்டாம். மிச்சமானதை அருகிலுள்ள வைத்தியசாலை மருந்தகத்தில் கேட்டு ஒப்படையுங்கள். அதற்கு வழியில்லாவிட்டால் அட்டையிலிருந்து எடுத்து, பாவித்த தேயிலைச் சக்கையோடு கலந்து, இறுகக் கட்டிக் குப்பையில் சேருங்கள். கிணற்றடியிலோ களப்பிலோ போடாதீர்கள்.

கடல் கடந்து வாழும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. "அங்கே விலை குறைவு, துண்டும் கேட்க மாட்டார்கள், ஒரு பத்து அட்டை வாங்கி அனுப்புங்கள்" என்று ஊரில் உள்ளவர்களைக் கேட்காதீர்கள். அப்படிக் கேட்கும்போது நீங்கள் வாழும் நாட்டில் நீங்கள் மதிக்கும் விதியை, பிறந்த ஊரில் உடைக்கச் சொல்கிறீர்கள். மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நமது மாவட்டத்திலிருந்து எத்தனையோ பெண்கள் போகிறார்கள். இங்கே சாதாரணமாகக் கிடைக்கும் சில வலி மருந்துகளும் நித்திரை மருந்துகளும் அங்கே பல நாடுகளில் முன் அனுமதியின்றிக் கொண்டுபோக முடியாதவை. 2017இல் எகிப்துக்குப் போன ஒரு பிரித்தானியப் பெண்ணின் பெட்டியில் 290 ட்ரமடோல் குளிசைகள் இருந்தன. தெரிந்தவர் ஒருவரின் முதுகுவலிக்குக் கொண்டு போனதாகச் சொன்னார். மூன்று ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. போகுமுன் உங்கள் மருந்துகளின் பெயர்களை எழுதி, போகும் நாட்டின் தூதரகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். துண்டையும் வைத்தியரின் கடிதத்தையும் கைப்பையில் வையுங்கள். அடுத்தவர் கொடுத்துவிடும் மருந்துப் பொதியை, அது யாராக இருந்தாலும், ஏற்க வேண்டாம்.

கடைசியாக, ஏற்கெனவே வீட்டில் ஒரு பிள்ளை இதில் அகப்பட்டிருந்தால். இந்தச் சபையிலும் அப்படி ஒரு தாய், ஒரு அக்கா இருக்கக்கூடும். நீங்கள் வெட்கப்பட்டு மறைக்கும் ஒவ்வொரு மாதமும் அந்தப் பிள்ளைக்கு நட்டம். அடிப்பதாலும் அறைக்குள் பூட்டுவதாலும் இது மாறுவதில்லை. திடீரென்று நிறுத்தவைப்பது ஆபத்தாகவும் முடியலாம். இது சிகிச்சை செய்யக்கூடிய வருத்தம். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்தது. அதன் தொலைபேசி இலக்கம் 1927. மனம் உடைந்து உயிரை மாய்க்கும் எண்ணம் வந்தவர்களுக்குத் தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் 1926. இந்த இரண்டு இலக்கங்களையும் இப்போதே உங்கள் தொலைபேசியில் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும் உங்களிடம் வந்து அழும் ஒருவருக்குத் தேவைப்படும்.

நூறு ஆண்டு கண்ட ஒரு சங்கம் ஊருக்குப் பெரிய கட்டடம் எழுப்பலாம், புலமைப்பரிசில் கொடுக்கலாம். அவற்றையும் செய்கிறோம், செய்வோம். அவற்றோடு காசு செலவில்லாத ஒன்றையும் சேர்த்துக்கொள்வோம். இனிமேல் நம்மில் ஒருவரும் துண்டில்லாமல் மருந்து கேட்பதில்லை, கேட்கும் பிள்ளையை முகம் சுளிக்க வைப்பதில்லை என்று இன்று தீர்மானிப்போம். பாலாவியிலும் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் இருக்கும் நாம் சில நூறு பேர் இதைச் செய்தாலே, அந்தக் கடைகளில் நிற்கும் மருந்தாளர்களுக்கு யாரிடமும் இல்லை என்று சொல்லும் துணிவு வந்துவிடும்.